வயோமிங் பல்கலைக்கழகம்: ஒரு வெள்ளவத்தைக்காரியின் மதிப்பீடு

ஏ.எல். முடிவு வந்த கையோடு கொழும்பு வெள்ளவத்தையில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கதைதான். அவுஸ்திரேலியாவா, கனடாவா, இங்கிலாந்தா? சொந்தக்காரர் எங்கே இருக்கிறார்களோ, பெரும்பாலும் பிள்ளையும் அங்கேதான் போகும். எங்களுக்கும் கனடாவின் ஸ்காபரோவில் பெரியம்மா இருக்கிறார். அப்படியிருந்தும் நான் போய்ப் படித்தது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், லராமி என்ற சின்ன ஊரில். படிப்பு முடிந்து வந்து இப்போது கொழும்பில் நிலத்தடி நீர் சம்பந்தமான வேலையில் இருக்கிறேன். "அங்கே பிள்ளையை அனுப்பலாமா?" என்று கேட்கிற பெற்றோர் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மலை, மண், நீர், காட்டு விலங்கு, காலநிலை என்று வெளியே கிடக்கிற உலகத்தைப் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு, இந்தச் செலவில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கணக்கியலோ வியாபார முகாமைத்துவமோ படிக்கத்தான் என்றால் அவ்வளவு தூரம் போய்க் குளிரில் கிடக்கத் தேவையே இல்லை. கொழும்பிலேயே வழி இருக்கிறது.

நான் படித்தது புவிச்சரிதவியல், அதாவது பாறையும் நிலமும் பற்றிய படிப்பு. இங்கே அதற்குப் பேராதனைப் பல்கலைக்கழகம்தான் முதல் தெரிவு. ஆனால் கொழும்பு மாவட்டத்துக்கான பல்கலைக்கழக அனுமதியின் இசட் புள்ளி வெட்டுக்கு முன்னால் என் பெறுபேறு நிற்கவில்லை.

சரி, காசுக்கு வருவோம். அமெரிக்காவின் அரச பல்கலைக்கழகங்களில் ஒரே படிப்புக்கு இரண்டு விலை. அந்த மாநிலத்துப் பிள்ளைக்கு ஒன்று, வெளியாருக்குப் பல மடங்கு கூடிய இன்னொன்று. வெளிநாட்டு மாணவர் எப்போதும் இரண்டாவது வரிசையில்தான். மேற்கு மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அதன்படி, சேர்ந்திருக்கிற பல்கலைக்கழகங்களில் பக்கத்து மாநிலப் பிள்ளைகள் உள்ளூர்க் கட்டணத்தின் 150 வீதத்துக்கு மேல் கட்டத் தேவையில்லை. அது எங்களுக்கு இல்லை. அதனால் நாங்கள் பார்க்க வேண்டியது, வெளியார் கட்டணமே குறைவாக இருக்கிற மாநிலம் எது என்பதைத்தான். கலிபோர்னியாவையும் வயோமிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் விளங்கும். வயோமிங் இலங்கையைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்பு. 2020 குடிசனக் கணக்கெடுப்பில் அங்கே இருந்ததோ 576,851 பேர், கிட்டத்தட்ட எங்கள் கொழும்பு மாநகர எல்லைக்குள் இருக்கிற சனம்தான். அந்த மாநிலத்துக்கு நான்கு வருடப் பட்டம் தருகிற அரச பல்கலைக்கழகம் இது ஒன்றுதான், 1886இல் தொடங்கியது. வெளியிலிருந்து பிள்ளைகள் வந்தால்தான் வகுப்பு நிறையும். என் புள்ளிகளைப் பார்த்துக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்தார்கள். கழித்திராவிட்டால் அப்பாவால் முடிந்திருக்காது.

ஆனால் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். விசாவுக்கு 185 டொலர், அதற்கு முன் செவிஸ் எனப்படும் வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டொலர், வருடா வருடம் மருத்துவக் காப்புறுதி, பயணச்சீட்டு, குளிர் உடுப்பு. எல்லாவற்றையும் விட முக்கியம், ரூபாவில் கணக்கு வைக்கக் கூடாது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு மேல் போனது. பிள்ளைகளைப் பாதிப் படிப்பில் வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு வருடச் செலவையாவது டொலராகக் கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை கம்பஸுக்குள் வேலை செய்யலாம். நான் ஆய்வுகூடத்தில் பாறை வெட்டி, மாதிரிகளுக்கு இலக்கம் ஒட்டுகிற வேலை செய்தேன். வயோமிங்கில் மாநில வருமான வரி கிடையாது, அதனால் சம்பளத்தில் வெட்டு குறைவு. சாப்பாட்டுச் செலவு அதில் ஓடியது.

இந்த ஊரைப் பற்றிக் கொழும்பில் கேட்கப்போனால் முகவர்கள் முகம் சுளிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அருகே ஒருவர், "அங்கே ஒருத்தரும் போறதில்லை, தங்கச்சி" என்று சொல்லி, தனக்குத் தரகு வருகிற இடங்களின் புத்தகங்களைத் தள்ளிவிட்டார். அவரோடு மினக்கெடாமல் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் இருக்கிற, அமெரிக்க அரசின் கல்வி ஆலோசனைச் சேவையான எடியுகேஷன்யூஎஸ்ஏயின் ஆலோசகர்களிடம் போங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தையும் விற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. எனக்கு வழி காட்டியது அங்கேதான்.

இனி ஊர். லராமி ஏறக்குறைய 2,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவைவிட உயரம், ஹோட்டன் சமவெளி மட்டத்துக்கு வரும். போன புதிதில் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும், உதடு வெடிக்கும், மூக்குக்குள் காய்ந்துபோகும். நிறையத் தண்ணீர் குடித்தால் சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். சமையலறைதான் பழகாது. அந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் படித்துவிட்டு வந்தாலும் நடுவில் கல்லுப்போல இருக்கும். பிரஷர் குக்கர் கட்டாயம். தேங்காய்ப்பால் டின் அங்கேயே கிடைக்கும். மிளகாய்த்தூளை மட்டும் அம்மா வறுத்து அரைத்துத் தந்ததைக் கொண்டுபோனேன். மற்றச் சாமானுக்கு ஃபோர்ட் காலின்ஸுக்கோ டென்வருக்கோ போக வேண்டும். டென்வர் காரில் இரண்டரை மணி நேரம்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குளிரைக்கூடச் சமாளிக்கலாம். ஜனவரி இரவில் சுழியத்துக்குக் கீழே 20 பாகைக்குப் போனாலும் உள்ளே சூடாக்கி இருக்கிறது. காற்று அப்படியில்லை. பனி மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து முகத்தில் அடிக்கும். ஊரை ஒட்டிப் போகிற ஐ-80 நெடுஞ்சாலையைக் குளிர்காலத்தில் அடிக்கடி மூடிவிடுவார்கள். லராமிக்கும் மாநிலத் தலைநகரான செயெனுக்கும் இடையில் அந்தச் சாலை 2,633 மீற்றர் வரை ஏறுகிறது. இலங்கையின் மிக உயர்ந்த மலையான எங்கள் பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். டென்வருக்குப் போகிற வழியும் சேர்ந்து மூடினால் விமானமும் இல்லை, இருந்த இடத்தில் இருக்க வேண்டியதுதான். ஆகவே டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வர நினைத்தால் பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே டென்வருக்கு இறங்கிவிடுங்கள்.

இவ்வளவையும் தாங்க வைப்பது படிப்பு. ஸ்னோவி ரேஞ்ச் மலைக்கு முதல் களப்பயணம் போனபோது, தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்ததைப் பனி என்றே நினைத்தேன். கிட்டப் போனால் மலையே வெள்ளை, குவார்ட்சைட் பாறை. அதன் உச்சியான மெடிசின் போ 3,662 மீற்றர். அங்கே வழியோரத்தில் ஆசிரியை ஒரு பாறையில் தண்ணீர் ஊற்றிக் கையால் தேய்த்தார். குறுக்காக வெட்டின வெங்காயம்போல வளையம் வளையமாகத் தெரிந்தது. ஸ்ட்ரோமற்றோலைட், கடலின் ஆழமற்ற தண்ணீரில் நுண்ணுயிர்கள் படலம் படலமாகக் கட்டினது, சுமார் 200 கோடி ஆண்டு பழையது. புத்தகத்தில் ஒரு சின்னப் படமாகப் பார்த்ததன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். "இது எப்படி இவ்வளவு உயரத்துக்கு வந்தது?" என்று அவர் கேட்டுவிட்டுப் பதிலைச் சொல்லவில்லை. அந்தத் தவணை முழுக்க அதைத்தான் படித்தோம். மேல்வகுப்புகளில் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். ஆசிரியருக்கு உங்கள் பெயரும் தெரியும், எந்தப் பாடத்தில் தடுமாறுகிறீர்கள் என்பதும் தெரியும்.

அப்புறம் வீடாவூ. ஊரிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுமார் 140 கோடி ஆண்டு பழைய கருங்கற் குன்றுகள், பளிங்குத் துணிக்கைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஏறுகிறவர்கள் கையில் டேப் சுற்றிக்கொண்டுதான் வெடிப்புக்குள் கையை விடுவார்கள், இல்லாவிட்டால் தோல் போய்விடும். நான் பெரிய ஏறுகாரி இல்லை. ஆனால் பரீட்சை முடிந்த பின்னேரங்களில் அங்கே போய் இருப்பது எனக்கு மருந்து மாதிரி.

பெற்றோர் கடைசியில் கேட்பது, பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பா என்று. முதல் வருடம் எல்லோரும் கம்பஸ் விடுதியில்தான். இரவு ஆய்வுகூடத்திலிருந்து தனியே நடந்து வந்திருக்கிறேன், பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. தனிமைதான் உண்மையான கஷ்டம். தமிழ்க் குரல் கேட்பது அபூர்வம், பொங்கலும் தீபாவளியும் சாதாரண வகுப்பு நாட்கள். குளிர்காலத்தில் கொழும்புக்கும் லராமிக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அம்மா காலைத் தேநீரோடு அழைக்கும்போது எனக்கு முந்தின நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். எங்கள் இருவருக்கும் அந்த ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அது போதும் என்று நான் சொல்லமாட்டேன். நாலு பேர் நடுவில் இருந்தால்தான் சாப்பாடு இறங்கும் என்கிற பிள்ளையை, கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் அங்கே தள்ளாதீர்கள்.

குளிர் ஜக்கெட்டைக் கொழும்பில் தேடி அலைய வேண்டாம். இங்கே கிடைப்பது அந்தக் காற்றுக்குத் தாங்காது, அங்கே பழைய உடுப்புக் கடைகளில் நல்லது மலிவாகக் கிடைக்கும். பனிச்சறுக்குச் சாமான், கூடாரம் எல்லாம் பல்கலைக்கழகத்திலேயே வாடகைக்கு எடுக்கலாம். முடிந்தால் ஓகஸ்ட்டில் வகுப்பு தொடங்க ஒரு வாரம் முன்னதாகப் போய் இறங்குங்கள். ஸ்னோவி ரேஞ்ச் மேலே போகிற வீதி அப்போது திறந்திருக்கும். குளிர்காலம் வந்தால் அதை மூடிவிடுவார்கள், பிறகு அடுத்த மே கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டும்.