கடற்கரை வீட்டு மரவேலைக்கு ஏற்ற ஸ்குரூ எது? ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

தூத்துக்குடியில் கடலுக்கு மிக அருகில் இருக்கும் எங்கள் வீட்டில் அலமாரி, சன்னல் கதவு, திண்ணை இருக்கை, சமையலறைத் தட்டு என்று ஐந்தாண்டுகளாகச் சிறு மரவேலைகளை நானே செய்துவருகிறேன். இந்தக் காலத்தில் கறுப்பு ஜிப்சம் ஸ்குரூ, துத்தநாகப் பூச்சுள்ள சாதாரண மர ஸ்குரூ, பித்தளை ஸ்குரூ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ ஆகிய நான்கையும் போதுமான அளவு பயன்படுத்திவிட்டேன். உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேரும் இடத்தில் எது நிற்கிறது, எது நிற்பதில்லை என்பதை இனி வீட்டு மரவேலை தொடங்குபவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கறுப்பு ஸ்குரூ. பிளைவுட் வேலைக்கு என்று கேட்டால் பல கடைகளில் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். விலை குறைவு, முனை கூர்மையானது, துளை போடாமலே பலகைக்குள் இறங்கிவிடும். நானும் அப்படித்தான் ஒரு கடையில் வாங்கி, சமையலறையில் சுவரோடு தொங்கும் அலமாரியை முழுக்க முழுக்க இதைக் கொண்டே பூட்டினேன். பத்து மாதம் கழித்து, அரிசி டப்பாவை மேல்தட்டில் வைத்தபோது உள்ளே மெல்லிய ‘டிக்’ என்ற ஓசை கேட்டது. தட்டு ஒரு பக்கம் அரை விரற்கடை இறங்கியது. கழற்றிப் பார்த்தபோது இரண்டு ஸ்குரூக்களின் தலை தனியே கையோடு வந்தது. தண்டு வளைந்திருக்கவில்லை, சுண்ணாம்புக்கட்டி ஒடிவதுபோல் நேராக ஒடிந்திருந்தது.

காரணம் அந்த ஸ்குரூவின் தரக்குறைவு அன்று, அது செய்யப்பட்ட நோக்கம். பொய்க்கூரைக்கும் தடுப்புச் சுவருக்கும் போடும் ஜிப்சம் பலகையை இரும்புச் சட்டத்திலோ மரச் சட்டத்திலோ பிடித்து நிறுத்துவதற்காகக் கடினப்படுத்திய எஃகில் செய்யப்பட்டது அது. கடினமாக இருப்பதால் முனை மழுங்காது. அதே கடினத்தால், பக்கவாட்டில் பாரம் விழுந்தால் வளைந்து கொடுக்காமல் முறிந்துவிடும். அதன் கறுப்பு நிறம் பாஸ்பேட் பூச்சினால் வருவது. உலர்ந்த அறைக்குள் அது போதும். கடற்கரை ஈரத்துக்கு அது பாதுகாப்பே ஆகாது. ஜிப்சம் வேலைக்கு நல்ல பொருள். பாரம் தாங்கும் மரவேலைக்கு வாங்கவே வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

துத்தநாகப் பூச்சுள்ள மர ஸ்குரூ வீட்டுக்குள்ளே, ஈரம் படாத இடத்தில், நன்றாகவே உழைக்கிறது. படுக்கையறை அலமாரியில் போட்டவை இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் வெளித்திண்ணைக்குக் கருவேலப் பலகையில் இருக்கை செய்து அதில் இவற்றைப் பூட்டியது என் தவறு. திருகும்போது தலையில் பூச்சு உரிந்த இடங்களில் முதல் மழையிலேயே துரு ஏறி, ஒவ்வொரு தலையைச் சுற்றியும் மை கொட்டியதுபோல் கரிய வளையம் படர்ந்தது. கருவேலம் துவர்ப்பு மிகுந்த மரம். தோல் பதனிடுவதற்கு அதன் பட்டையையும் பயன்படுத்துகிறார்கள். கடுக்காய் ஏற்றிய துணியில் இரும்புக் கரைசல் பட்டால் கறுப்புச் சாயம் பிடிக்கிறதே, அதே வினைதான் என் இருக்கையிலும் நடந்திருக்கிறது. தேய்த்துப் பார்த்தேன், கறை மரத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது.

பித்தளை ஸ்குரூவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பித்தளைக் கீலுக்கும் பூசையறைக் கதவுக்கும் அழகாக இருக்கும், துருப்பிடிக்காது, ஆனால் மென்மையானது. தேக்கில் நேரடியாகத் திருகினால் பாதியில் அறுந்துவிடும். அதே அளவு இரும்பு ஸ்குரூவை முதலில் திருகிக் கழற்றி, மரத்தில் புரி வெட்டிக்கொண்ட பிறகு பித்தளையைப் போட வேண்டும்.

இப்போது நான் பெரும்பாலும் வாங்குவது 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ. கறுப்பு ஸ்குரூவோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு. இருந்தாலும் ஒரு முழு அலமாரிக்கு ஆகும் பிளைவுட் செலவோடு வைத்துப் பார்த்தால் அந்த வேறுபாடு சிறியதுதான். சமையலறையிலும் குளியலறைக் கதவிலும் மூன்றாண்டுகளாக ஒரு குறையும் இல்லை. கடலைப் பார்த்த சன்னலில் மட்டும் தலைகளின்மேல் தேநீர்க் கறைபோல் பழுப்பு படிந்தது. உப்புக்காற்று நேராக அடிக்கும் இடத்தில் 304-க்கு இது நேர்வதுண்டு; மாலிப்டினம் கலந்த 316 வகை அதை இன்னும் நன்றாகத் தாங்கும் என்பதால் அந்தச் சன்னலுக்கு மட்டும் அதை வரவழைத்து மாற்றினேன். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி 304 என்பார்கள். நிக்கல் குறைந்த 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. ஆகையால் பெட்டியின்மேல் வகை எண் அச்சிட்டிருப்பதை மட்டுமே வாங்குகிறேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ கடினப்படுத்திய எஃகைவிட மென்மையானது என்பதால், துளை போடாமல் மெஷினால் அழுத்தித் திருகுபவர்கள் ‘தலை அறுந்துவிட்டது, மட்டமான பொருள்’ என்று குறை சொல்கிறார்கள். அது ஸ்குரூவின் குறை அன்று. எந்த ஸ்குரூவானாலும் அது நிற்பதும் முறிவதும் அதற்கு நாம் போட்டுவைக்கும் துளையைப் பொறுத்தது. கடையில் 35 × 8 என்று சொல்வது 35 மில்லிமீட்டர் நீளமும் 8-ஆம் எண் தடிமனும். கம்பியில் எண் கூடினால் தடிமன் குறையும்; ஸ்குரூவில் எண் கூடக்கூடத் தடிமனும் கூடும் என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். 8-ஆம் எண்ணின் தடிமன் ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர். இதற்குத் தேக்கில் 3 மில்லிமீட்டர் பிட்டாலும், பிளைவுட்டிலும் மென்மரத்திலும் 2.5 மில்லிமீட்டர் பிட்டாலும் துளை போடுகிறேன். பிட்டில் வேண்டிய ஆழத்துக்கு ஒரு துண்டு டேப் சுற்றிக்கொண்டால் பலகையின் மறுபக்கம் பிட் வெளியே வராது.

இதைவிடப் பலர் விட்டுவிடுவது மேல்பலகைத் துளை. ஸ்குரூ முழுநீளமும் புரி உள்ளதாக இருந்தால், அது மேல்பலகையையும் கீழ்ப்பலகையையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எவ்வளவு இறுக்கினாலும் மூடாது. மேல்பலகையில் 4.5 மில்லிமீட்டர் துளை போட்டு ஸ்குரூ அதில் தடையின்றி வழுக்கிச் செல்லும்படி விட்டால், தலை அமரும்போது பலகைகள் இரண்டும் தாமாகவே கப்பென்று சேர்ந்துவிடும். தலைப்பக்கம் புரியில்லாத பாதிப்புரி ஸ்குரூவும் இதே வேலையைச் செய்யும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை இன்னொன்றின் விளிம்பில் பூட்ட 50 மில்லிமீட்டர் நீளம் எடுத்தால், 32 மில்லிமீட்டர் உள்ளே பிடிக்கும். விளிம்பில் துளை நடுவிலிருந்து விலகினால் அடுக்குகள் பிளக்கும் என்பதால் அங்கே அவசரம் கூடாது.

திருகும் முன் புரியில் மெழுகுவர்த்தியை ஒருமுறை தேய்த்துக்கொள்கிறேன். சில ஆசாரிகள் சோப்புத் தேய்ப்பார்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் எங்கள் ஊருக்கு மெழுகே சரி. ஸ்டார் தலையில் பிட் துள்ளித் துள்ளி வழுக்கினால், அது பெரும்பாலும் பொருந்தாத பிட். சிலுவைக் கோடுகளுக்கு இடையே மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது போசிட்ரிவ் தலை, சாதாரண பிலிப்ஸ் பிட் அதில் முழுதாக அமராது. பழைய துளையில் மறுபடி திருகும்போது, முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்ற வேண்டும். புரி பழைய தடத்தில் ‘டக்’ என்று விழுவது விரலுக்கே தெரியும். அதன் பிறகு வலப்பக்கம் திருகினால் முன்பிருந்த பிடிப்பு கெடாது.

அந்தச் சமையலறை அலமாரியைக் கழற்றி, இதே முறையில் 304 ஸ்குரூக்களால் மறுபடி பூட்டி மூன்று மழைக்காலம் ஆகிறது. முறிந்த இரண்டு தண்டுகள் மட்டும் பக்கப்பலகைக்குள் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தோண்டி எடுத்தால் பலகை கெடும் என்பதால், ஒரு விரற்கடை தள்ளிப் புதுத் துளை போட்டேன்.