டிரினிடாட்: உறவுக்காரர் வீடா, ஓட்டல் அறையா?

கரீபியன் தீவான டிரினிடாட்டில், சாகுவானஸ் ஊரில் உறவுக்காரர் வீடு; தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஓட்டல் அறை. எதில் தங்கலாம்?

செலவு: வீட்டில் வாடகை இல்லை, ஆனால் வெறுங்கையோடு போக முடியாது. அறைக்குத் தினமும் காசு.

சாப்பாடு: வீட்டில் 'பஸ் அப் ஷட்'. தவாவிலேயே அடித்துக் கிழித்த ரொட்டி, கந்தல் சட்டை மாதிரி இருக்கும். கூடவே பூசணிக் கறி. ஒன்று ஆறுமுன் அடுத்தது தட்டில் விழும். நகரத்தில் தெருவோர டபுள்ஸ்: இரண்டு பாரா (எண்ணெயில் பொரித்த மெல்லிய ரொட்டி), நடுவில் கொண்டைக்கடலை. 'ஸ்லைட் பெப்பர்' (காரம் கொஞ்சமாக) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அலைச்சல்: மராகஸ் கடற்கரை நகரத்துக்குக் கிட்ட. சாகுவானஸிலிருந்து பச்சைப் பட்டை போட்ட 'மேக்ஸி' என்ற மினி பஸ்ஸைப் பிடித்து நகரம் வந்து, அப்புறம்தான் போகணும்.

சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் வீடு. கார்னிவல் என்றால் அறை; அதன் விடியற்காலைச் சேற்றுக் கொண்டாட்டமான ஜூவே முடிந்து உடம்பெல்லாம் சேற்றோடு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?