வேனுக்கு டிஆர்எல்: ஸ்ட்ரிப்பா, சிஓபி பட்டையா, பம்பர் கிட்டா?

பகலில் எதிரே வருபவர் கண்ணில் நம் வண்டி சீக்கிரம் பட வேண்டும், டிஆர்எல், அதாவது பகலில் எரியும் முன்பக்க விளக்கு, வைப்பது அதற்குத்தான். ஐரோப்பாவில் புதிதாக அறிமுகமாகும் கார் மாடல்களுக்கு 2011 பிப்ரவரியிலேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், நம் ஊரில் 2017 ஏப்ரலிலிருந்து பைக்குகளில் முன்விளக்கு தானாக எரிவதும் இதே காரணத்துக்காகத்தான். கம்பெனியிலேயே டிஆர்எல் வராத பழைய இன்னோவா மாதிரி குடும்ப வண்டியை ஓட்டிக்கொண்டு வண்டி உதிரி சாமான் கடைகள் இருக்கும் சென்னை ஜி.பி. ரோடு பக்கம் போனால் மூன்று வகை எடுத்துக் காட்டுவார்கள்.

மலிவானது, வளைகிற சிலிகான் ஸ்ட்ரிப். சில நூறு ரூபாய்தான், ஹெட்லைட் ஓரத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. ராத்திரி அழகாகத் தெரியும், ஆனால் நமக்கு வெளிச்சம் வேண்டியது நண்பகல் வெயிலில். டிஆர்எல் நேர் எதிரே குறைந்தது 400 கேண்டிலா (ஒரு திசையில் ஒளி எவ்வளவு பலம் என்பதன் அளவு) தர வேண்டும், 1200-ஐத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. ஸ்ட்ரிப்பில் லென்ஸே கிடையாது, ஒளி நாலா பக்கமும் சிதறி, தூரத்தில் வருபவருக்கு மங்கலான ஒரு கோடாகத்தான் தெரியும். இன்ஜின் ஓடும்போது லைனில் 14 வோல்ட் வரை வரும், மலிவு ஸ்ட்ரிப்பில் அதைத் தாங்க ஒரு சின்ன ரெசிஸ்டரைத் தவிர வேறெதுவும் இல்லை. சூடாகிச் சூடாகி, மூன்று மூன்று எல்இடியாக அணைய ஆரம்பிக்கும், ஏனென்றால் உள்ளே மும்மூன்றாகத்தான் கோத்திருப்பார்கள். ஸ்ட்ரிப்பை ஹெட்லைட்டுக்கு உள்ளேயே வைக்கிறோம் என்று கண்ணாடியைச் சூடாக்கிப் பிரிப்பார்கள், அதற்கு மட்டும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி சீல் ஒரு தடவை போனால் போனதுதான், மழைக்காலத்தில் உள்ளே ஆவி படிந்து இருக்கிற ஹெட்லைட் வெளிச்சமும் குறையும்.

அலுமினியப் பட்டையில் வரும் சிஓபி (குட்டி எல்இடிகளை ஒரே பலகையில் நெருக்கமாகப் பதித்தது) பரவாயில்லை. சூட்டை அலுமினியம் இழுத்துக்கொள்வதால் ஆயுள் கூடும், பகலிலும் ஓரளவு தெரியும். இதிலும் லென்ஸ் இல்லை, அதோடு டபுள் சைடு டேப்பை மட்டும் நம்பினால் மே மாத வெயிலில் கழன்று தொங்கும், ஸ்குரூ போட்டே ஆக வேண்டும்.

என் ஓட்டு மூன்றாவதான பம்பர் கிட்டுக்கு. ஃபாக் லேம்ப் இடத்தில் அந்த மாடலுக்கென்றே அச்சு வார்த்து வரும் கிட் அது. சில ஆயிரம் ஆகும். ஆனால் லென்ஸ் இருக்கிறது, இரண்டு விளக்குக்கும் நடுவே நல்ல இடைவெளி கிடைக்கிறது, பம்பரையும் அறுக்க வேண்டாம். நீலம், சிவப்பு, ஓடுகிற விளக்கு எதுவும் வேண்டாம், வெள்ளை போதும்.

அவ்வளவு பணம் இல்லையென்றால் மலிவு ஸ்ட்ரிப்புக்குப் போகாதீர்கள், பகலிலும் லோ பீம் போட்டு ஓட்டுங்கள். இரண்டு பல்பும் சேர்ந்து 110 வாட் இழுக்கும், பல்ப் சீக்கிரம் போகும், அது உண்மைதான். ஆனாலும் பின்விளக்கும் கூடவே எரிவது பெரிய லாபம். டிஆர்எல் போட்டால் பின்விளக்கு எரியாது, அதனால் மழையிலும் மூடுபனியிலும் ஹெட்லைட் போட மறக்கவே கூடாது.

எந்த கிட் வாங்கினாலும் வயரிங் சரியாக இல்லையென்றால் பிரயோஜனம் இல்லை. அவசரத்துக்குப் பார்க்கிங் லைட் வயரில் சொருகிவிடுவார்கள், அப்புறம் பகலில் அது எரியவே எரியாது! இக்னிஷன் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனில் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் சொருகிக் கிளை லைன் எடுக்கும் இணைப்பான்) போட்டு எடுக்கச் சொல்லுங்கள், கம்பெனி வயரை வெட்ட விடாதீர்கள், வாரண்டி பாக்கி இருந்தால் அதுவும் தகராறில் போய் நிற்கும். பக்கத்துக்கு 6 வாட் என்றால் மொத்தம் ஒரு ஆம்பியர்தான், 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். ஹெட்லைட் போட்டதும் டிஆர்எல்லை அணைக்கும் கன்ட்ரோலர் இல்லாத கிட்டுக்கு, அந்த வேலையைச் செய்ய ஐந்து பின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வேண்டும். ரிலே பின்களில் எழுதியிருக்கும் எண்படி, இக்னிஷன் லைன் 30-ல், டிஆர்எல் 87ஏ-யில், பார்க்கிங் லைட் பாசிட்டிவ் 86-ல், எர்த் 85-ல். ராத்திரி பார்க்கிங் லைட்டோ ஹெட்லைட்டோ போட்டதும் டிஆர்எல் தானாக அணைந்து, எதிரே வருபவர் கண் கூசாது.

காசு கொடுப்பதற்கு முன் கடை வாசலிலேயே இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டதும் டிஆர்எல் அணைகிறதா என்று பாருங்கள், இண்டிகேட்டர் போட்டு பத்தடி தள்ளி நின்று அந்த வெள்ளை வெளிச்சத்தில் மஞ்சள் மறைகிறதா என்றும் பாருங்கள். மறைந்தால் டிஆர்எல்லை இடம் மாற்றச் சொல்லுங்கள்.