கீலேஷன்: ஆஸ்பத்திரியிலும் மாற்று மையத்திலும்

உடம்பில் சேர்ந்த உலோகத்தை மருந்தால் பற்றி வெளியேற்றுவதுதான் கீலேஷன். ஈயம் உடம்பில் ஏறிய குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தப் பரிசோதனை. டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சக்சிமர் என்ற மருந்தைக் கொடுப்பார்கள்; அது ஈயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரோடு வெளியேறும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தச்சோகை உள்ள பிள்ளைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் இரும்பு சேரும். அதை வெளியேற்றும் டெஃபெராசிராக்ஸ் மாத்திரைதான் அவர்களின் இதயத்தைக் காக்கிறது.

மாற்று மருத்துவ மையங்களில் ஆட்டிசத்துக்கும் 'நச்சு நீக்கம்' என்று கீலேஷன் செய்கிறார்கள். ரத்தத்தில் உலோக அளவு பார்க்காமல் ஊசியை எடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள 5 வயதுச் சிறுவனுக்கு இடிடிஏ என்ற கீலேஷன் மருந்தை ஏற்றினார்கள். ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்றுபோனது. ஐந்தே வயதுப் பிள்ளை!

சரி, மாரடைப்பு வந்தவர்களுக்குக் கீலேஷன் உதவுமா? 2013-ல் வெளியான ஆய்வில் லேசான பலன் தெரிந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் மறுபடி சோதித்தபோது, 2024-ல் அதுவும் இல்லை என்றானது.