பழைய தேக்குக் கதவுக்கு வச்சிரமா, வெள்ளைப் பசையா, எபாக்ஸியா?

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் பர்மா தேக்குக் கதவு பழுதானால், மரம் கெட்டிருப்பது அபூர்வம். இணைப்புதான் தளர்ந்திருக்கும். கழுந்து, அதாவது ஒரு சட்டத்தின் முனையில் நீட்டி மற்றதற்குள் செருகும் பகுதி, துளைக்குள் ஆடும்; சட்டம் இறங்கிக் கதவு தரையில் உரசும். கழற்றிச் சேர்க்கும்போது எந்தப் பசை போடுவது? வீட்டுக்குள் இருக்கும் கதவு, அலமாரி, நாற்காலி என்றால், ஆசாரிகள் உருக்கிப் பூசும் பழைய விலங்குப் பசையான வச்சிரம்தான் என் பக்கம்.

வலுவில் வச்சிரம், வெள்ளைப் பசை, எபாக்ஸி (இரண்டு பொருள் கலந்தால் இறுகும் பிசின்) மூன்றும் போதும். பசைச் செலவு ஆசாரி கூலிக்கு முன் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மறுபடி கழற்ற முடியுமா? நூறு வருடம் நின்ற கதவை இன்னும் இரண்டு மூன்று முறையாவது பிரிக்க வேண்டி வரும்.

வச்சிரம் வெந்நீருக்கு இளகும். சூடான ஈரத் துணியை இணைப்பில் சுற்றிச் சற்று நேரம் விட்டு, மர ஆணியை எடுத்து, மரச் சுத்தியலால் தட்டினால் கழுந்து முழுசாக வெளியே வரும். பழைய வச்சிரத்தை முழுக்கச் சுரண்ட வேண்டாம். புதுச் சூட்டில் அதுவும் இளகிக் கலந்துவிடும். பெவிகால் வகை வெள்ளைப் பசை அப்படியில்லை. காய்ந்த படலத்தின் மேல் புதுப் பசை பிடிக்காது, வெறும் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். ஒவ்வொரு சுரண்டலிலும் கழுந்து மெலியும், கடைசியில் சிம்பு (மெல்லிய மரச் சீவல்) வைத்துத்தான் இறுக்க வேண்டிவரும். எபாக்ஸி போட்ட இணைப்பைப் பிரித்தால் பெரும்பாலும் மரம்தான் பிளக்கும். கழுந்தை அறுத்துவிட்டுத் தனி மரத்தில் செய்த போலிக் கழுந்து வைக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே என்ன பசை இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு சொட்டு வெந்நீர் விட்டுப் பாருங்கள். விரலில் பிசுபிசுத்தால் வச்சிரம். வெளுத்து ரப்பர் மாதிரி ஆனால் வெள்ளைப் பசை. அசையாமல் கிடந்தால் எபாக்ஸியாக இருக்கலாம்.

வச்சிரத்தில் வேலை கூடுதல் என்பது உண்மை. 100 கிராம் வச்சிரக் குருணைக்கு 150 முதல் 200 கிராம் பச்சைத் தண்ணீர், இரவு முழுக்க ஊறல். அடுப்பில் நேரே வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரி செல்சியஸில் உருக்க வேண்டும். கொதித்துவிட்டால் புரதம் சிதைந்து பிடிப்புப் போய்விடும். பிரஷைத் தூக்கினால் அறுபடாமல் நூலாக இறங்குவது சரியான பதம். பூசியபின் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆடை கட்டிவிட்டால் அந்தப் பூச்சு வீண். மின்விசிறியை நிறுத்துங்கள், மரத்தை வெயிலில் சற்றுச் சூடாக்குங்கள், கூட ஓர் ஆள் நிற்கட்டும். கிளாம்பை மறுநாள்தான் எடுக்க வேண்டும்.

எந்தப் பசையானாலும் தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கு எதிரி. வெறும் மரம் தெரியும் இடத்தை அன்றைக்கே உளியால் சுரண்டி, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) நிற்கும் பலகைக்கு மட்டும் பசை வைக்காதீர்கள். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்க இடமில்லாவிட்டால் பலகை வெடிக்கும்.

ஐப்பசிச் சாரல் நேரே அடிக்கும் முகப்புக் கதவுக்கு வச்சிரம் கூடாது; ஈரத்தில் இளகும், பூஞ்சையும் பிடிக்கும். அங்கே நீர் தாங்கும் வெள்ளைப் பசை போதும். இற்றுப்போய்ப் பள்ளம் விழுந்த இடத்தை நிரப்ப மட்டும் எபாக்ஸி. நூறு வருடம் தாங்குமா என்று சொல்ல அதற்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. இன்னொன்று, வச்சிரம் மாட்டுத் தோல், எலும்பிலிருந்து வருவது. சைவ வீட்டில், அதுவும் சாமி அறைக் கதவுக்கு, கேட்காமல் பூசாதீர்கள்.

பல்கலைக்கழக ஆய்வுகள் பசை எதிலிருந்து வருகிறது என்ற கேள்வியில் நிறைய முன்னேறியிருக்கின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைசாங் லி, கடல் சிப்பி பாறையில் ஒட்டும் விதத்தைப் பார்த்து, சோயா மாவிலிருந்து பிளைவுட் பசை உருவாக்கினார். நச்சு வாயு கசியும் ஃபார்மால்டிஹைடு பிசினுக்கு மாற்றான அதற்கு 2007-இல் அந்நாட்டின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. புது அலமாரிக்குப் பிளைவுட் வாங்குகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் இறுகியபின் அதையும் இளக்க முடியாது. பழைய கழுந்துக்கு அது உதவாது.

கதவைச் சேர்க்கும் முன், கழுந்தின் பசை படாத ஓரத்தில் பசையின் பெயரையும் வருடத்தையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். அடுத்துக் கழற்றும் ஆசாரிக்கு வெந்நீரா உளியா என்பது பார்த்ததும் தெரியும்.