ஒரே வெள்ளி, இரண்டு பேரரசுகள்

1545-ல் இன்றைய பொலிவியாவிலுள்ள பொதோசி மலையில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அது ஸ்பெயினுக்கும் போனது, சீனாவுக்கும் போனது.

ஸ்பெயின் கதை சுருக்கமானது. அரசர் இரண்டாம் பிலிப், வரப்போகும் வெள்ளியைக் காட்டியே கடன் வாங்கிப் போர் நடத்தினார். 1557, 1575, 1596 ஆண்டுகளில் கடன் கொடுத்தவர்களிடம் கைவிரித்தார். விலைவாசியும் ஏறியது. பழியை முழுக்க வெள்ளி மேல் போட முடியாது, மக்கள்தொகையும் கூடியிருந்தது.

சீனா வேறு மாதிரி. மிங் அரசின் காகிதப் பணம் ஏற்கெனவே செல்லாக்காசாகியிருந்ததால் அங்கே வெள்ளிக்கு நல்ல கிராக்கி. 1571-ல் ஸ்பானியர்கள் மணிலாவைப் பிடித்தார்கள். அப்புறம் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து கப்பலேறிய வெள்ளி, மணிலாவில் பட்டுக்கும் பீங்கானுக்கும் கைமாறியது. 1580-களில் பல வரிகளை ஒன்றாக்கி வெள்ளியில் வசூலிக்கும் முறை சீனாவெங்கும் பரவியது. வணிகம் செழித்தது, சரி. ஆனால் செம்புக்காசில் சம்பாதித்த விவசாயி, வரி கட்ட வெள்ளி தேடி அலைந்தார்.