பைக்கில் தொடங்கி காருக்கு வந்தேன்: இரண்டையும் பல வருஷம் ஓட்டிய அனுபவம்

கல்லூரியில் சேர்ந்த வருஷம் பைக் வாங்கினேன். 150 சிசி, என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு கை மாறிய வண்டி. வேலைக்குப் போய்ச் சில வருஷம் கழித்து ஒரு சின்ன ஹேட்ச்பேக் கார், அதுவும் செகண்ட் ஹேண்ட்தான். இன்றைக்கும் இரண்டும் என்னிடம் இருக்கின்றன, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். அக்கா மகனுக்கு 18 வயது ஆகிறது. "பைக்கா காரா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மாமா" என்று பார்க்கும்போதெல்லாம் நச்சரிக்கிறான். அவனிடம் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். மைலேஜ், டாப் ஸ்பீடு எல்லாம் விற்கிறவர்களே சொல்லிவிடுவார்கள். வருஷக்கணக்கில் வைத்திருந்தால் எது எப்படிப் படுத்தும் என்பதை யாரும் சொல்வதில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதின்ம வயதில் முதல் வண்டி என்றால் என் ஓட்டு பழைய, சின்ன, பவர் குறைந்த காருக்குத்தான். இத்தனைக்கும் எனக்குப் பிடித்தது பைக். சாவியை எடுக்கும்போது கை தானாகப் போவது பைக் சாவிக்குத்தான். ஆனால் பிடித்தது வேறு, முதலில் வாங்க வேண்டியது வேறு.

பைக்கின் நல்லது எல்லோருக்கும் தெரிந்தது. எந்தச் சந்திலும் நுழையும், நிறுத்த இடம் தேட வேண்டாம், பெட்ரோல் செலவு கையைக் கடிக்காது, உதிரி பாகம் மலிவு, பாதி வேலையை நாமே செய்துகொள்ளலாம். கிளட்ச் பிளேட் மாற்றுவது ஒரு மதிய நேரத்து வேலை. காரில் அதே வேலைக்கு கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

ஆனால் பைக் அடிக்கடி கவனிப்பு கேட்கும் வண்டி. செயினையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து லூப் (செயினுக்கான எண்ணெய்) அடிக்க வேண்டும், மழையில் நனைந்தால் அதற்கு முன்பே. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில், இன்ஜினை அணைத்துவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. இன்ஜினை ஓடவிட்டுச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செயினுக்கும் அது சுற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே விரல் மாட்டினால் திரும்பி வராது. பிறகு செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் விரலால் தூக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சின்ன பைக்குகளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கும், சரியான அளவு மேனுவலில் போட்டிருக்கும். அதைவிட இறுக்கமாக வைத்தால் ஸ்ப்ராக்கெட் பல்லும் பேரிங்கும் தேயும். தொளதொளவென்று விட்டால் கியர் மாற்றும்போது 'டக்'கென்று உதைக்கும். முற்றிப்போனால் ஓடும்போதே கழன்று பின் சக்கரத்தை லாக் செய்துவிடும். மாற்றும் நேரம் வந்தால் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் சீக்கிரமே பாழாகும்.

பத்து நிமிஷ வேலைதான், ஆனால் தேர்வு நேரத்தில், மழைக்காலத்தில், நண்பர்கள் கீழே நின்று ஹாரன் அடிக்கும்போது அந்தப் பத்து நிமிஷத்தை ஒதுக்குகிற ஆளா நீங்கள் என்று யோசியுங்கள். காரில் ஒரு பராமரிப்பு தள்ளிப்போனால் பெரும்பாலும் பர்ஸ்தான் அடிவாங்கும். பைக்கில் உடம்பு வாங்கும்.

அடுத்தது பிரேக். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு முன் பிரேக் என்றாலே பயம், பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். உண்மையில் பைக்கை நிறுத்துவதே அதுதான். பிரேக் பிடித்ததும் எடை பெரும்பாலும் முன்னால் சாய்கிறது, காய்ந்த சாலையில் நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தை முன் சக்கரம் செய்கிறது. எடை குறைந்துபோன பின் சக்கரம் சும்மா வழுக்கும். முன் பிரேக்கை முதலில் மெல்லத் தொட்டு, எடை முன்னால் வந்த பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இது மண்டைக்குப் புரிந்தால் போதாது, விரலுக்குப் புரிய வேண்டும். காலியான மைதானத்தில் திரும்பத் திரும்பச் செய்தால்தான் வரும். திடீரென்று ஒருவர் குறுக்கே வந்தால் புது ஆளின் கை லீவரை ஒரேயடியாக நசுக்கிவிடும், சக்கரம் லாக் ஆகும், வண்டி சாயும். அதனால் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, இல்லாத பைக்கை முதல் வண்டியாக வாங்காதீர்கள் என்பதில் நான் பிடிவாதக்காரன். நிறம், சைலன்சர் சத்தம் எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுங்கள், இதில் வேண்டாம்.

நான் பைக்கில் அதிகம் பயப்படுவது வளைவுகளுக்கு அல்ல, சந்திப்புகளுக்கு. எதிரே வரும் வண்டி நம் குறுக்கே திரும்பும். ஒருமுறை ஒரு வேன்காரர் என் முகத்தை நேராகப் பார்த்தார், பார்த்துக்கொண்டே திரும்பினார். பார்த்தது கண்தான், மூளைக்குப் பைக் போய்ச் சேரவில்லை. வேகம் குறைத்து வந்ததால் நின்றேன். அதிலிருந்து நான் ஓட்டுநரின் கண்ணைப் பார்ப்பதே இல்லை, வண்டியின் முன் டயரைப் பார்ப்பேன். திரும்பப் போகிற வண்டியில் முதலில் அசைவது அதுதான்.

இது என் ஒருவன் கதை இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு சுமார் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. பைக் பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். விபத்துகளில் ஏறக்குறைய முக்கால்வாசி இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அவற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு, பைக்காரருக்கு உரிய வழியை எதிர் வண்டிக்காரர் பறித்ததால் நடந்தவை. அதாவது நீங்கள் ஒழுங்காக ஓட்டினாலும் பாதிக் கதை உங்கள் கையில் இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல் போகிறோம். அபாயத்தை உணர்ந்து பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆனால், வேகம் துளிகூடக் குறையாமல் 25 மீட்டர் போயிருப்போம்.

இதை அக்கா மகனிடம் சொன்னபோது, "நான் மெதுவாத்தான் ஓட்டுவேன் மாமா" என்றான். "நீ மெதுவாப் போவேடா, எதிர்ல வர்றவன் போவானா?" என்றேன். பதில் இல்லை, போனை நோண்ட ஆரம்பித்துவிட்டான்.

பைக்தான் என்று முடிவு செய்கிறவர்கள் கவசங்களுக்கான காசை வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஹெல்மெட் அணிவதால் விபத்தில் இறக்கும் அபாயம் சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்த கணக்கு. ஸ்ட்ராப்பை மாட்டினால்தான் அது ஹெல்மெட், மாட்டாவிட்டால் தொப்பி. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருக்கும், தூக்கிப் போடுங்கள். யாரும் பேசாத விஷயம் கையுறை. விழும்போது உடம்பு முதலில் நீட்டுவது உள்ளங்கையைத்தான். கணுக்காலை மூடும் ஷூவும் அப்படியே. இத்தனையும் வாங்கப் பணம் பத்தாது என்றால் பைக் வாங்கவும் பணம் பத்தாது என்று அர்த்தம்.

சரி, கார். கார் வாங்கிய பிறகு எனக்குத் தெரிந்த முதல் வித்தியாசம், அது மன்னிக்கிறது. வழியில் கொட்டிக் கிடந்த மணலில் பிரேக் பிடித்தால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு நிற்கும், விழாது. தூக்கக் கலக்கம், கவனப் பிசகு, தப்பான கியர் எல்லாவற்றுக்கும் நம்மைச் சுற்றி இரும்புக் கூடு, மார்பின் குறுக்கே பெல்ட். இப்போது எல்லாக் காரிலும் இருக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனத்தில் நீல்ஸ் போலின் வடிவமைத்தது 1959இல். மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று அந்தக் காப்புரிமையை வால்வோ திறந்துவிட்டது. ஏர்பேக்கும் இந்த பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்வதற்குத்தான் இருக்கிறது, அதற்குப் பதிலாக அல்ல. அமெரிக்க அரசின் கணக்குகளில், ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டால் பைக்கில் போகிறவர் இறக்கும் வீதம் காரில் போகிறவரைவிட 20 மடங்குக்கும் மேல். எண்ணில் நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு மழை இரவில் இரண்டிலும் ஒரே சாலையில் போய்ப் பாருங்கள்.

ஆனால் பதின்ம வயதுக்காரரின் காரில் வேறொரு ஆபத்து உட்கார்ந்திருக்கிறது: மற்ற நான்கு சீட். வண்டியில் சக வயது நண்பர்கள் ஏற ஏற இளம் ஓட்டுநரின் விபத்து அபாயம் ஏறுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் வந்த முடிவு. நியூசிலாந்து 1987லேயே புது ஓட்டுநர்களுக்குப் படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் இரவு ஓட்டுவதற்கும் ஆட்களை ஏற்றுவதற்கும் கட்டுப்பாடு, அனுபவம் வந்த பிறகு தளர்வு. பின்னர் பல நாடுகள் இதே வழியில் வந்தன. உங்கள் ஊர்ச் சட்டம் கேட்காவிட்டாலும் முதல் வருஷம் இதை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

"நாலு பேர் சேர்ந்து போகத்தானே கார், தனியாப் போக எதுக்கு?" என்று மருமகன் மடக்கினான். நியாயமான கேள்வி. முதல் வருஷம் அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு போ என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

இன்னொன்று, கார் மரத்துப்போக வைக்கும். கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டு வைத்துவிட்டால் 80 கிலோமீட்டர் வேகம் 40 மாதிரி இருக்கும். பைக்கில் 60 போனாலே காற்று முகத்தில் அறைந்து வேகத்தைச் சொல்லும். பைக் ஓட்டிய பழக்கத்தால்தான் காரிலும் நான் சாலையைப் படிக்கிறேன்: எங்கே ஈரம், எங்கே ஆயில் சிந்தியிருக்கிறது, எந்தக் கண்ணாடியில் நான் தெரிகிறேன், எதில் தெரியவில்லை. 'அதனால்தான் முதலில் பைக் ஓட்ட வேண்டும்' என்பார்கள் சிலர். பழக்கம் நல்லதுதான். ஆனால் அதைக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல பயிற்சிப் பள்ளியில் சில நாள் பைக் ஓட்டினால் போதும், 18 வயதில் தினமும் நெரிசலில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

காரின் பராமரிப்பு வேறு மாதிரி. மாதக்கணக்கில் ஒன்றும் கேட்காது, பிறகு ஒரே நாளில் மொத்தமாகக் கேட்கும். வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அது கடைசியாக எப்போது மாறியது என்று பில்லோடு கேளுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், செலவு பழைய காரின் விலையையே தொட்டுவிடும். புதிதாக ஓட்டுகிறவர்கள் கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்திருப்பார்கள்; அந்தப் பழக்கம் கிளட்சையும் பேரிங்கையும் தின்றுவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் பைக்கோ காரோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் பேட்டரி படுத்துவிடும். இன்ஷூரன்ஸ் இளம் வயதுக்காரர்களுக்குப் பல இடங்களில் அதிகம், வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் பைக் சரியாக வரும் ஆட்கள் உண்டு. தனியாக, பகலில், குறைந்த தூரம், வேகம் குறைந்த சாலைகளில் மட்டும் போய்வருகிறவர். முறையாகப் பயிற்சி எடுத்தவர். கவசம் போடச் சோம்பல் படாதவர். அப்படிப்பட்டவருக்கு 125 சிசி போதும். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இளையவர்களை முதலில் 125 சிசி, 11 கிலோவாட் இன்ஜின் சக்திக்குள்தான் விடுகிறார்கள், அடுத்த படி 35 கிலோவாட். உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும், நிமிர்ந்து உட்காரும் வண்டியாக இருக்க வேண்டும். குனிந்து படுத்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக் பார்க்க அழகுதான், நெரிசலில் மணிக்கட்டைக் கேட்டால் சொல்லும். புது ஆட்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் நிற்கும்போதும் திருப்பும்போதும்தான். அதனால் கொஞ்சம் கீறல் விழுந்த பழைய வண்டியே மனசுக்கு நிம்மதி.

பழைய வண்டி எதுவானாலும் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் (டயரின் மேடு பள்ளம்) நிறைய இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிப்பு விட்டிருந்தால் ஈரத்தில் பிடிக்காது. பார்க்க வருவதற்கு முன்பு வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்கிறவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் பக்கம் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரம் என்ன, ஒரு மணி நேரமே ஆனாலும் ஆறும்வரை காத்திருந்து, குளிர்ந்த பிறகு நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். புகையும் கடகட சத்தமும் அந்த முதல் அரை நிமிஷத்தில்தான் வரும்.